பத்தாம் பக்கத்து ஒன்பது எழுத்து

"சார், உங்களுக்கு போன் வந்துச்சு" என்று ஆபரேட்டர் அம்மா மாடிப்படி ஏறி வந்து சொன்னபோது புதிர்க்காரர் நம்பவில்லை.

"எனக்கா? விளம்பரப் பிரிவுக்கா இருக்கும்மா. நல்லா கேட்டீங்களா?"

"உங்களுக்குத்தான் சார். பத்தாம் பக்கத்துல எழுத்துக் கட்டம் போடறவர் யாருன்னு கேட்டாங்க. இன்னைக்கு வந்த ஒன்பது எழுத்து வார்த்தை என்னவாம், காலையிலேர்ந்து தலையைப் பிச்சுக்கறாங்களாம்."

புதிர்க்காரர் எழுந்தே நின்றுவிட்டார். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய் அலமாரியில் இடித்தது.

அவர் நிலைமை தெரிந்தால் நீங்களும் எழுந்துதான் நின்றிருப்பீர்கள். அந்த நாளிதழின் பத்தாம் பக்கத்தில், வலது பக்கம் கீழ் மூலையில், பதினோரு வருஷமாக அவர் போடும் புதிர் வருகிறது. ஒன்பது கட்டம், கட்டத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து. அந்த எழுத்துகளைக் கொண்டு எத்தனை ஆங்கில வார்த்தை கட்ட முடியும் என்று வாசகர் பார்க்க வேண்டும். ஒன்பதும் சேர்ந்து ஒரு பெரிய வார்த்தை கட்டாயம் இருக்கும். விடை மறுநாள் வரும். இந்தப் பதினோரு வருஷத்தில் வாசகர் கடிதம் என்று ஒன்றே ஒன்றுதான் வந்தது. பிரித்துப் பார்த்தால், பேப்பர் போடுகிறவர் தினமும் அதைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வீசுகிறார் என்று எழுதியிருந்தது.

போன வாரம்தான் ஆசிரியர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "அந்த மூலையை ஒரு மெத்தைக் கம்பெனி கேக்குதுய்யா. உங்க புதிரை ஈ, காக்கா சீந்தறதில்ல. மாசக் கடைசியோட முடிச்சுக்கலாம்." புதிர் போனால் புதிர்க்காரரும் போக வேண்டியதுதான். அந்த அலுவலகத்தில் அவருக்கு வேறு வேலை கிடையாது. நாற்பத்தொன்பது வயதில், எழுத்துகளைக் குலுக்கிப் போடத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பது?

இப்படியிருக்க, ஒரு போன்!

"யாருன்னு கேட்டீங்களா?"

"பேர் சொல்லல சார். விடை சொல்லுங்கன்னு பிடிவாதமா கேட்டாங்க. மறுநாள்தான் வரும்னு சொல்லி வெச்சுட்டேன்."

"சரியா சொன்னீங்க. அதுதான் முறை!"

ஆபரேட்டர் அம்மா படி இறங்கியதும் அவர் அன்றைய பேப்பரை எடுத்துத் தன் மூலையை ஆசையாகப் பார்த்தார். அன்றைய பெரிய வார்த்தை நியூஸ்பேப்பர். போகிற நேரத்தில் சோறு போட்ட தொழிலுக்கு ஒரு மரியாதையாக இருக்கட்டும் என்று அவரே யோசித்து வைத்தது. எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். என், ஈ, எஸ், பி, ஏ, பி, ஈ, ஆர். எல்லாம் இருந்தன. டபிள்யூவைக் காணோம். நடுக்கட்டத்தில், கால் பரப்பிக்கொண்டு, எம் உட்கார்ந்திருந்தது.

பேப்பரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தார். எம்தான்.

நடந்தது இதுதான். அவர் கம்ப்யூட்டரில் புதிர் போடுகிறவர் இல்லை. செருப்புப் பெட்டியின் அட்டையைச் சதுரம் சதுரமாக வெட்டி, அட்டைக்கு ஓர் எழுத்து எழுதி, பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பார். வேண்டிய ஒன்பதை எடுத்துக் குலுக்கி ஒரு தட்டில் பரப்பி, அந்தத் தட்டைப் பக்கம் அமைக்கும் லேஅவுட்காரர் மேஜைக்குத் தூக்கிக்கொண்டு போவார். லேஅவுட்காரர் பார்த்ததை அப்படியே அடிப்பார். பழைய டபிள்யூ அட்டைக்குக் கீழே ஒரு கோடு உண்டு. அட்டைகள் நைந்துபோனதால் போன வாரம் புதிதாக வெட்டியவர், கோடு போட மறந்துவிட்டார். டபிள்யூ தலைகீழாக விழுந்தால் அது எம்தானே!

"திருத்தம் ஒண்ணு போட்டுடலாமா?" என்று லேஅவுட்காரரிடம் ஓடினார்.

"தாராளமா போடலாம். ஆசிரியர் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. ஏன் தப்பாச்சுன்னு விளக்கமும் எழுதிக் குடுக்கணும்."

ஆசிரியரிடமா! மாசக் கடைசிவரை காத்திருப்பானேன், இன்றைக்கே கிளம்பு என்று சொல்ல அவருக்கு ஒரு சாக்குதான் வேண்டும். புதிர்க்காரர் போன வேகத்தில் திரும்பினார்.

வீட்டில் மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொடுக்கும் வேலை. கணவர் எழுதும் பேப்பரை அந்த அம்மாள் ஒரு காரியத்துக்குத்தான் பயன்படுத்துவார், சட்டைக் கைக்கு அளவு வெட்ட. இதில் புதிர்க்காரருக்கு உள்ளூர வருத்தம் உண்டு. பதினோரு வருஷத்தில் ஒருநாளாவது "இன்னைக்கு என்னங்க வார்த்தை?" என்று கேட்டதில்லையே என்று.

அவர் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே முழுக் கதையையும் சொன்னார்.

"ஓ, அதுல வார்த்தையே கிடையாதா?" என்றார் மனைவி. மிஷின் நின்றது.

"கிடையவே கிடையாது! குட்டி வார்த்தை எத்தனையோ வரும். ஒன்பது எழுத்தும் சேர்ந்து ஒண்ணும் வராது. குடும்பமே நடுத்தெருவுக்கு வரப்போகுது, நீ சாவகாசமா கேக்கற!"

"முதல்ல நடக்கறதை நிறுத்துங்க. எனக்குத் தலை சுத்துது. நீங்களா ஒத்துக்கிட்டாதானே அது தப்பு? கஷ்டமான புதிர், விடை ஞாயித்துக்கிழமைன்னு போடுங்க. அதுக்குள்ள மறந்துடுவாங்க. யாரு இதையெல்லாம் உக்காந்து பார்க்கறா?"

கடைசி வார்த்தை சுருக்கென்றுதான் தைத்தது. ஆனால் யோசனை நல்ல யோசனை. மறுநாள் பத்தாம் பக்கத்தில் இரண்டு வரி வந்தது. "நேற்றைய எழுத்துக் கட்டம் எளியது அன்று. பெரிய வார்த்தைக்கான விடை ஞாயிறு இதழில்."

அன்று பதினோரு போன் வந்தது.

ஆபரேட்டர் அம்மா நோட்டில் எழுதிக்கொண்டு வந்து படித்தார். "ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருத்தர், இதுபோல ஒரு புதிரை என் சர்வீஸ்ல பார்த்ததில்லைன்னு சொன்னார். வக்கீல் ஒருத்தர், கோர்ட்டுல கேஸ் நடக்கறப்பகூட இதே நினைப்பா இருக்காம். ரெண்டு தடவை கூப்பிட்டார். பேங்க் மேனேஜர் ஒருத்தர்..."

"போதும்மா, போதும்" என்று காதைப் பொத்திக்கொண்டார் புதிர்க்காரர். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துவிட்டோமே என்று இருந்தது.

அதற்குள் ஆசிரியர் அறையிலிருந்து அழைப்பு. போனார். ஆசிரியர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. பல் வரிசை நன்றாகவே இருந்தது.

"என்னய்யா, போன் கிழியுதாமே! பரவாயில்ல, உங்ககிட்ட ஏதோ சரக்கு இருக்கு. ஆனா ஒண்ணு. கூப்பிட்டவங்க எல்லாம் ஆம்பளைங்க. மெத்தை எதை வாங்கறதுன்னு முடிவு பண்றது பொம்பளைங்க. பொம்பளைங்க பார்க்காத புதிரை வெச்சு நான் மெத்தைக் கம்பெனிக்காரனுக்கு என்ன பதில் சொல்ல?"

இதையும் புதிர்க்காரர் வீட்டில் போய்ச் சொல்லிப் புலம்பினார். மனைவி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டார்.

"ம்ம்னா என்ன அர்த்தம்? ஒரு வழி சொல்லேன்!"

"சாப்பிட்டுத் தூங்குங்க. விடிஞ்சா வழி பிறக்கும்."

விடிந்தது. பிறந்தது வழியில்லை. மகளிர் மன்றத்துச் செயலாளர் கூப்பிட்டு, மன்றத்து உறுப்பினர் முப்பது பேரும் கைவேலையை நிறுத்திவிட்டு இந்தக் கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். டாக்டரம்மா ஒருவர் கூப்பிட்டு, காத்திருக்கும் நோயாளிகளுக்கு வலி தெரியாமல் இருக்க இதைத்தான் கொடுக்கிறேன் என்றார். மத்தியானத்துக்குள் இருபத்தாறு போன். எல்லாம் பெண்கள்.

ஆசிரியர் அறையிலேயே இருப்புக்கொள்ளாமல் மாடி ஏறி வந்துவிட்டார். "நாளைக்கு முதல் பக்கத்துல பெட்டிச் செய்தி போடறேன். சரியான விடை சொல்றவருக்கு ஒரு சைக்கிள் பரிசு! சனிக்கிழமை நாலு மணிக்கு எல்லா வாசகரும் இங்கயே நேர்ல வரட்டும். நீங்களே மேடையில நின்னு விடையைச் சொல்லுங்க."

"சார், சைக்கிள் எல்லாம் எதுக்கு சார்..."

"பின்ன என்ன, மோட்டார் சைக்கிளா? பேராசைப்படாதீங்கய்யா!"

புதிர்க்காரர் மாடி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க ஆரம்பித்தார். நடந்துகொண்டே அகராதியைப் புரட்டினார். அலுவலகத்தில் இருந்தது மூன்று அகராதி. ஒன்றில் பாதிக்கு மேல் கிடையாது, எவரோ பொட்டலம் கட்டியிருந்தார்கள். இல்லாத வார்த்தை எந்த அகராதியில் இருக்கும்? ஆனாலும் மனசு கேட்கவில்லை. மீன் பெயர், செடி பெயர், மருந்து பெயர், எதிலாவது அந்த ஒன்பது எழுத்தும் உருண்டு திரண்டு நிற்காதா என்று பார்த்தார். எட்டு எழுத்துவரை வந்தது. ஈட்டி ஏந்திய வீரர்கள் என்று ஒரு வார்த்தை. ஒரு பி மட்டும் மிச்சம் நின்றது. அந்த பி அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் எடுத்துப் பார்த்தார், சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முடிவெட்டும் கடையில் எடுத்துப் பார்க்கப் போய், அது நழுவித் தரையில் விழ, கூட்டிய முடியோடு முடியாக அதுவும் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு முடிவுக்கு வந்தார். நேராக ஆபரேட்டர் அம்மாவிடம் போனார்.

"அம்மா, இனிமே கூப்பிடறவங்ககிட்ட ஒண்ணு சொல்லுங்க. எட்டு எழுத்துல வார்த்தை கண்டுபிடிச்சாலே போதும், சைக்கிள் அவங்களுக்குத்தான். ஒன்பது எழுத்துக்குச் சிரமப்பட வேண்டாம்."

"சொல்றேன் சார். ஆனா இப்பதான் ஒருத்தர் கூப்பிட்டார். ஒன்பது எழுத்து வார்த்தையைக் கண்டுபிடிச்சுட்டாராம்."

புதிர்க்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "என்ன?"

"ஆமா சார். ஆனா போன்ல சொல்ல மாட்டாராம். நேர்ல, ஆசிரியர் முன்னாடிதான் சொல்வாராம்."

"இல்லாததை எப்படிம்மா கண்டுபிடிக்க முடியும்?"

"எது இல்லாதது சார்?"

"ஒண்ணுமில்லம்மா. நாக்கு குழறுது. காலையில சாப்பிடல."

ஆசிரியர் காதுக்கும் இது போயிற்று. போகாமல் இருக்குமா? அவர் உடனே ஒரு கவரை நீட்டினார். "நாளைக்குத் தகராறு வரக்கூடாது. விடையை இப்பவே எழுதி, ஒட்டி, என்கிட்ட குடுங்க. அவர் சொல்றதும் இதுல இருக்கறதும் ஒண்ணா இருந்தா சைக்கிள் அவருக்கு. எனக்கே கை பரபரக்குதுய்யா. ஆனா பிரிக்க மாட்டேன், பயப்படாதீங்க."

கழுத்தில் கத்தி என்றால் இதுதான். புதிர்க்காரர் ஒரு வெள்ளைத்தாளை நான்காக மடித்து, ஒன்றும் எழுதாமல் கவருக்குள் தள்ளினார். பசை போட்டு ஒட்டினார். இரண்டாம் தடவையும் ஒட்டினார். மூன்றாம் தடவை ஒட்டும்போது ஆசிரியர் பிடுங்கிக்கொண்டார்.

அன்று வீட்டில் அவர் உட்காரவேயில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டார்.

"நாளைக்கு என் கதை முடிஞ்சுது. அறுபது பேருக்கு மேல கூப்பிட்டிருக்காங்க. வக்கீல் வேற இருக்கார். மேடையில நிக்க வெச்சு என் தோலை உரிக்கப் போறாங்க."

"யாரும் வர மாட்டாங்க, போய்ட்டு வாங்க" என்றார் மனைவி.

"உனக்கு என்ன தெரியும்? சைக்கிள்னா வராம இருப்பாங்களா?"

"வர மாட்டாங்கன்னா வர மாட்டாங்க. நீங்க மட்டும் உளறிக் கொட்டாதீங்க. தப்பு, கிப்புன்னு வாயைத் திறக்கவே திறக்காதீங்க."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே என் புதிரைப் பார்க்கிறது, கட்டினவளுக்கு மட்டும் அது சட்டைக் கை! வாய்விட்டே சொல்லிவிட்டார். மனைவி மிஷினை வேகமாக மிதித்தார். சொன்ன பிறகு அவருக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கவும் நேரமில்லாத அளவுக்குக் கவலை.

சனிக்கிழமை. கீழ்த்தளத்து ஹாலில் எழுபது நாற்காலி போட்டிருந்தார்கள். மேடையில் சைக்கிள் நின்றது, கைப்பிடியில் சிவப்பு ரிப்பன். ஆசிரியர் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். ஒட்டிய கவர் அவர் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. புதிர்க்காரர் வாசலுக்கும் மேடைக்கும் நடந்தார். ஒவ்வொரு தடவை வாசலை எட்டும்போதும், இப்படியே வெளியே போய்விட்டால் என்ன என்று கால் கேட்டது.

நாலு மணி அடித்தது. யாரும் வரவில்லை.

நாலே காலுக்கு ஒருவர் வந்தார். புதிர்க்காரர் சைக்கிளுக்குப் பின்னால் ஒதுங்கினார். வந்தவர் தண்ணீர் கேன் போடுகிறவர். காலி கேனை எடுத்துக்கொண்டு போனார்.

நாலரைக்கு ஆசிரியரும் நடக்க ஆரம்பித்தார். இருவரும் எதிரும் புதிருமாக நடந்து நடுவில் இரண்டு தடவை மோதிக்கொண்டார்கள்.

ஐந்து மணிக்கு எழுபது நாற்காலியும் காலியாகவே இருந்தன. ஆசிரியர் முகம் சுண்டிப்போயிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கப் புதிர்க்காரருக்குத் தாங்கவில்லை. மனைவி சொன்னதெல்லாம் பறந்துவிட்டது. வேலை போனால் போகட்டும், இந்த அவஸ்தை ஒழிந்தால் போதும்.

"சார், உண்மையைச் சொல்லிடறேன். அந்தப் புதிருக்கு விடையே..."

"பேசாதீங்க!" என்று கையை உயர்த்தினார் ஆசிரியர். "எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"புரிஞ்சுபோச்சா சார்?"

"பின்ன? நான் என்ன முட்டாளா? ஏன் ஒருத்தரும் வரல? ஒருத்தருக்கும் விடை தெரியல! வெறுங்கையோட வந்து நிக்க வெக்கம். ஹெட்மாஸ்டர் எப்படி வருவார்? பழைய மாணவன் எவனாவது பார்த்தா மானம் போகாதா? கண்டுபிடிச்சுட்டேன்னு பீத்திக்கிட்டாரே ஒருத்தர், அவருக்கும் கடைசியில உதைச்சிருக்கும்." ஆசிரியர் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஊரையே வாயடைக்க வெச்சுட்டீங்களேய்யா! முப்பது வருஷமா பேப்பர் நடத்தறேன், என் தலையங்கத்தைப் படிச்சுட்டு ஒருத்தன் வெக்கப்பட்டதில்ல."

அவர் பையிலிருந்து கவரை எடுத்தார். புதிர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதை நான் பிரிக்கப் போறதில்ல. யாருக்கும் சொல்லப் போறதும் இல்ல. விடை தெரிஞ்சுட்டா நாளைக்கு எவன் போன் பண்ணுவான்? வருஷக்கணக்கா இழுக்கலாம். மெத்தைக்காரனை ஏழாம் பக்கத்துக்குத் தள்ளிட்டேன். அடுத்த மாசத்துலேர்ந்து உங்க கட்டம் கால் பக்கம். போங்க, போய் நல்லா தூங்குங்க, கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு."

கவர் மறுபடி பைக்குள் போயிற்று. ஆசிரியர் சைக்கிளைத் தானே உருட்டிக்கொண்டு அறைக்குப் போய்விட்டார்.

புதிர்க்காரர் கையில் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து நாளில் அவர் ஒழுங்காக உட்கார்ந்தது அப்போதுதான். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது, முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆபரேட்டர் அம்மா வந்து பக்கத்து வரிசை நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார். அவரும் எழுந்து கூட மடக்கினார். வேலை தப்பித்தது. ஆனாலும் மனசில் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது.

"ஆசிரியர் ஆயிரம் சொல்லட்டும்மா. எனக்கு ஆறல. ஹெட்மாஸ்டர், வக்கீல், டாக்டரம்மா, மகளிர் மன்றம்னு அத்தனை பேர்! அதுல ஒருத்தர்கூடவா எட்டிப் பார்க்காம இருப்பாங்க?"

ஆபரேட்டர் அம்மா கடைசி நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாத்தினார். "யார் சார் வரணும்? என் போன்ல கூப்பிடறவங்க நம்பர் விழும். குரல் ஆம்பளை, பொம்பளைன்னு மாறிச்சே தவிர, அறுபத்து மூணு தடவையும் உங்க வீட்டு நம்பர்தான் விழுந்துச்சு. முதல் தடவை மட்டும் உங்க வீட்டம்மா நிஜமாவே விடை தெரியாமதான் கேட்டாங்க."